எரிமலைக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தியவர்கள் தில்லியில் யார் யார்? அனுபவம் சொல்லுங்கள்

செக்டர்நாலு (ஆர்.கே.புரம்)

2025 நவம்பர் 24 ராத்திரி எத்தியோப்பியா சாம்பல் தில்லிக்கு மேலே வந்ததே, அன்றைக்கு எங்கள் மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, கீழே வந்து எங்களையும் அதட்டினார். நானும் இவரும் சிரித்துவிட்டோம். ஆன்ட்டிக்குக் கோபம். நாங்கள் ஜப்பானில் ககோஷிமாவில் குப்பை கொட்டியவர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அங்கே இருக்கிற சகுராஜிமா எரிமலையைப் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாக. ஆறு லட்சம் பேர் இருக்கிற ஊர். எதிரே விரிகுடா, அதற்கு அந்தப் பக்கம் நாலே கிலோமீட்டரில் மலை. படகில் 15 நிமிஷம். கோடையில் காற்று ஊர்ப் பக்கம் திரும்பும். டிவியில் மழை, வெயில் சொல்லிவிட்டு, மலைக்கு மேல் காற்று எந்தத் திசை என்றும் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் துணி உலர்த்த வேண்டும்.

நான் சொல்ல வந்தது வடாம் கதை. அங்கே மழைக்காலம் முடிந்து நல்ல வெயில் பிடித்திருந்தது. விடியற்காலையில் கூழ் கிளறி, பால்கனியில் ஷீட் விரித்து, ஓமம் போட்டது ஒரு பக்கம், பச்சைமிளகாய் ஒரு பக்கம் என்று பிழிந்து வைத்தேன். "காற்று எப்படி?" என்று கேட்டால், இவர் டிவி பக்கம் திரும்பாமலே "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டார். மத்தியானம் ஜன்னல் கண்ணாடி ஒரு தரம் அதிர்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. எட்டிப் பார்த்தால் மலை மேல் சாம்பல் தூண் எழும்பி, அப்படியே எங்கள் பக்கம் சாய்ந்து வருகிறது. ஓடிப் போய் ஒரு மூலையைத் தூக்குவதற்குள் செடி இலைகளில் சரசரவென்று விழ ஆரம்பித்துவிட்டது. பாதி காய்ந்த வடாம். ஈரப்பசை இருக்கிற இடமெல்லாம் கறுப்புப் பொடி அப்பிக்கொண்டது. விபூதி மாதிரி ஊதினால் போகிற சாம்பல் என்று நினைக்காதீர்கள். பொடித்த பாறையும் கண்ணாடியும்.

தூக்கிப் போட மனசு வராமல் சாயங்காலம் ஒன்றைப் பொரித்துப் பார்த்தேன். இவர் வாயில் போட்டதும் நறநற. அந்த நேரம் பார்த்து கரோல்பாகிலிருந்து மாமியாரின் வீடியோ கால். தட்டைப் பார்த்துவிட்டு, "மிளகு தூக்கலாப் போட்டிருக்கே போல, பேஷ்" என்றார். இவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒரு படி அரிசி வீண். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி மஞ்சள் பைகளோடு வந்தார். சாம்பல் அள்ளவென்றே நகராட்சி கொடுக்கிற பை. நிரப்பி, குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். நான் வாளித் தண்ணீரைத் தூக்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினார். கழுவி விட்டால் சாக்கடையில் போய் இறுகிவிடுமாம். அவரே கூட்டி அள்ளினார். எனக்குத் தெரிந்த ஓட்டை ஜப்பானியத்தில், "ஒசாகாவில் மகன் இருக்கிறாரே, அங்கே போய் இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். மேட்டில் இருந்த கல்லறைகளைக் காட்டினார். அந்த ஊரில் கல்லறைக்கெல்லாம் சாம்பல் விழாமல் கூரை போட்டிருப்பார்கள். "அவருக்குக் கூரை போட்டாச்சு, நான் எங்கே போவேன்?" என்றார்.

கன்டோன்மென்ட்அம்மா

அக்கா, உங்களுக்கு விழுந்தது சாம்பல். லாவா வந்தால் மாடி வீட்டு ஆன்ட்டியைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது.

என் வீட்டுக்காரர் கோமா என்கிற ஊரில் இருந்தார், ஐ.நா. படையோடு போன நம் ராணுவ ஆஸ்பத்திரியில். காங்கோவில் நிராகோங்கோ மலையடிவாரத்து ஊர் அது. 2021 மே 22, சனிக்கிழமை. அப்போது தில்லி எந்த நிலையில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரடங்கு, ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஆள் ஆளாக அலைச்சல். எனக்கும் கொரோனா வந்துவிட்டது. பிள்ளைகளை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன்.

ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது. அங்கே ஏழு மணி. "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார். 97 என்றேன். விரலில் மாட்டியிருந்ததில் 91. "அங்கே என்ன சத்தம்?" என்றேன். "ஒண்ணுமில்லை, மலை கொஞ்சம் சிவப்பா இருக்கு, பசங்க வேடிக்கை பார்க்கிறாங்க" என்றார். அப்புறம் லைன் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் வீடியோ அனுப்பினார். வானம் முழுக்கச் சிவப்பு, தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு ஜனங்கள் ஓடுகிறார்கள்.

லாவா ஊர் எல்லைக்கு வந்து நின்றது. 2002-இல் ஊருக்குள்ளேயே புகுந்து ஏரி வரைக்கும் போயிருக்கிறது. நின்ற பிறகும் பூமி ஆடிக்கொண்டே இருந்தது. 27-ஆம் தேதி ஊரில் பாதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லட்சக்கணக்கான பேர் சாக்கே பக்கமும் ருவாண்டா பக்கமும் நடந்தார்கள். லாவா ஆமை வேகத்தில்தான் வரும் என்று இங்கே யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த மலையில் ரொம்பத் தண்ணியான குழம்பு. 1977-இல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியது.

இவர் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அந்த போனைப் பற்றிப் பேச்சு வந்தது. "91-ன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், உன் மூச்சு வாங்கினது கேட்டுது" என்றார். தெரிந்துமா "வேடிக்கை பார்க்கிறாங்க" என்று கதை விட்டீர்கள் என்று சண்டை போட்டேன். அந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

போர்ட்பிளேர்பாண்டி

நானும் எரிமலைக்காரன்தான். பத்தாவது வரை போர்ட் பிளேர். இந்தியாவிலேயே உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை எங்கள் பாரன் தீவு. ரொம்ப காலம் தூங்கிக் கிடந்து 1991-இல் எழுந்தது. சித்தப்பா கப்பலில் வேலை என்பதால் ஒரு தரம் ராத்திரியில் அந்தப் பக்கம் போனோம். உச்சியில் சிவப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டெக்கில் ஒருத்தர் பேசவில்லை. என் மனைவிக்கு இதைச் சொன்னால் இன்றுவரை நம்பவில்லை, போட்டோ எங்கே என்கிறாள்.

மயூர்விஹார்மூர்த்தி

பாண்டி தம்பி, தலைப்பைப் படிக்கவும். "பக்கத்தில் குடித்தனம்" என்று போட்டிருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து பாரன் தீவு 135 கிலோமீட்டருக்கு மேல். அங்கே மனுஷ வாசமே கிடையாது, காட்டு ஆடுகள்தான். ஆடு எழுதினால் ஒத்துக்கொள்ளலாம்.

செக்டர்நாலு அவர்களே, அன்று தில்லியில் நீங்கள் சிரித்தது சரி, ஆனால் காரணம் வேறு. எத்தியோப்பியாவின் ஹேலி குப்பி எரிமலை வெடித்தது 23-ஆம் தேதி. சாம்பல் 45,000 அடி வரை போய், செங்கடல், ஏமன், ஓமன் வழியாக அரபிக் கடல் தாண்டி வந்தது. விமானம் பறக்கிற உயரத்தில் போனதே தவிர, தரையில் நாம் சுவாசித்தது வழக்கமான தில்லிக் காற்றுதான். ஆனால் நவம்பரில் தில்லியில் ஜன்னலைச் சாத்த எரிமலை எதற்கு? ஆன்ட்டி செய்தது எப்படியும் நல்லது.

என் அனுபவம்: மனைவியோடு சிசிலி போனபோது கேட்டானியாவில் எட்னா சாம்பலில் மாட்டினோம். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ஓட்டல்காரர் மொட்டைமாடியைக் கூட்டிக்கொண்டே "அம்மா கோபமா இருக்கா" என்று மலையைக் காட்டினார். அவ்வளவுதான்.

இனி எல்லோருக்கும் பயன்படட்டும் என்று சில விஷயங்கள். முதலில் மாஸ்க். துணி மாஸ்க், துப்பட்டா எல்லாம் சும்மா, என்95 வேண்டும், மூக்கு ஓரத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் உடனே கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாற வேண்டும், கண்ணைத் தேய்க்கவே கூடாது. காரில் வைப்பரைப் போடாதீர்கள், கண்ணாடி கீறிவிடும், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான். தரையைக் கூட்டும்போது லேசாகத் தெளித்துக் கூட்டுங்கள், காய்ந்ததைக் கூட்டினால் அத்தனையும் நுரையீரலுக்குள். தெளிப்பது வேறு, வாளியோடு ஊற்றுவது வேறு. அந்த ஜப்பான் பாட்டி தடுத்தது சரி. தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், ஏசியை நிறுத்துங்கள். கூரையில் சேர விடாதீர்கள். 1991-இல் பிலிப்பைன்ஸில் பினடுபோ வெடித்த அன்றே புயல் மழையும் வந்தது. நனைந்த சாம்பலின் கனத்தில் கூரை இடிந்து விழுந்து செத்தவர்கள்தான் அதிகம்.

விமானம் ரத்தானால் கவுன்டரில் கத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாம்பலில் இருக்கிற கண்ணாடித் தூள் எஞ்சின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூன் 24, பம்பாய், மெட்ராஸ் வழியாக வந்த லண்டன் ஜம்போ ஒன்று, கோலாலம்பூர் தாண்டி ஜாவாவுக்கு மேலே கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் நுழைந்தது. நாலு எஞ்சினும் நின்றுவிட்டன. கீழே இறங்கி இறங்கி, சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகுதான் திரும்பப் பிடித்தன. ஜகார்த்தாவில் இறக்கும்போது முன் கண்ணாடி தேய்ந்து ஓடுபாதையே சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள். இது தெரிந்தால் ரத்து என்று சொன்னவனுக்குக் கும்பிடு போடுவீர்கள்.

ஜோக்ஜாரிட்டர்ன்

மூர்த்தி சார், எங்களுக்கு அன்றைக்கு என்95 என்ன, துணி மாஸ்க்கே கடையில் இல்லை.

கல்யாணமான புதிதில் இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாவில் இருந்தோம். வீட்டு வாசலில் நின்றால் மெராபி எரிமலை. 2010-இல் அது செய்த நாசத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிச் சொல்லி, தினமும் எழுந்ததும் முதல் வேலை மலையைப் பார்ப்பது. புகை கம்மியா, ஜாஸ்தியா? இவருக்கு அது ஜாதகப் பலன் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

2014 பிப்ரவரி 13 ராத்திரி ஏதோ தூரத்தில் உறுமல். மெராபி என்று நினைத்துப் பையைக் கட்டி உட்கார்ந்திருந்தோம். விடிந்தால் ஊரே சாம்பல் நிறம், தெருவுக்கும் நடைபாதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு காக்கை குருவி சத்தம் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, மெராபி இல்லை, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி கிழக்கு ஜாவாவில் இருக்கிற கெலுட். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்த மலை சும்மா இருந்தது.

அன்றைக்குக் காதலர் தினம். பால் கிடைக்குமா என்று வெளியே போனோம். மூலையில் ஒரு பூக்காரர் ரோஜா விற்க உட்கார்ந்திருக்கிறார். தலையில் ஹெல்மெட், வாயில் கைக்குட்டை. சைக்கிள் பம்பை வைத்து ஒவ்வொரு பூவாகக் காற்றடித்துச் சாம்பலை ஊதி, அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். இதழ் கிழியாமல் தூரத்தில் பிடித்து அடிக்க வேண்டும், அதில் அவருக்கு அப்படி ஒரு கவனம். நான் அப்படியே நின்றுவிட்டேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? பேரம் பேசினார்! "சாம்பல் பட்ட பூதானே, பாதி விலைக்குக் கொடு" என்று. பூக்காரர் கொடுத்தும் விட்டார். அந்த ரோஜாவை நான் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பிப்ரவரி வந்தால் இவர் முழு விலை கொடுத்துத்தான் பூ வாங்குகிறார், ஆனால் என் கணக்கில் அது கழியவில்லை.

செக்டர்நாலு அக்கா சொன்ன பாட்டி மாதிரி மெராபியில் ஒரு பெரியவர் இருந்தார், ம்பா மரிஜான். மலைக்குக் காவலர் என்று சுல்தான் நியமித்தவர். 2010 அக்டோபர் 26, எல்லோரும் இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. வீட்டிலேயே இறந்து கிடந்தார். அவரைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டு ஓனரம்மா மட்டும், "அவரை நம்பி இன்னும் சிலரும் இருந்துட்டாங்களே" என்பார். எனக்கு ஓனரம்மா கட்சிதான்.

போர்ட்பிளேர்பாண்டி

மூர்த்தி சார் கவனிக்கவும். கெலுட் 200 கிலோமீட்டர், அங்கே சாம்பல் கொட்டியிருக்கிறது, அவங்க கணக்கில் சேர்த்தி. 135 பக்கம் இல்லையாம். உங்கள் கேட்டானியா டூரில் எத்தனை நாள் குடித்தனம் நடத்தினீர்கள்?

கன்டோன்மென்ட்அம்மா

தம்பி, உன்னைச் சேர்த்தாச்சு, விடு. உன் மனைவியை மட்டும் நீயே சமாளி.

புதுசு_ஜனக்புரி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் மனைவியும் ஏப்ரலில் ககோஷிமா போகிறோம், இவளுக்கு அங்கே வேலை. இதையெல்லாம் படித்துவிட்டு அவள் உற்சாகமாக இருக்கிறாள், நான்தான் தூங்கவில்லை. குக்கர், மிக்ஸி எடுத்துப் போகலாமா?

செக்டர்நாலு (ஆர்.கே.புரம்)

குக்கர் கட்டாயம், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக. மிக்ஸி வேண்டாம், அங்கே 100 வோல்ட், நம் மிக்ஸி முனகும், அரைக்காது. வீடு பார்க்கும்போது குளியலறையிலேயே துணி உலர்த்தும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மலை தெரிகிற பால்கனி என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார், மயங்க வேண்டாம். தூங்குங்கள் தம்பி, வேலைக்குப் போகப் போவது அவள்தானே, கூட்டி அள்ள உங்களுக்கு நேரம் இருக்கும்.

மயூர்விஹார்மூர்த்தி

மிக்ஸி தாராளமாக எடுத்துப் போகலாம். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று இருக்கிறது. மிக்ஸியின் வாட்டேஜைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்கவும். மேலும் பிளக் பின் அங்கே தட்டையாக இருக்கும் என்பதால்

செக்டர்நாலு (ஆர்.கே.புரம்)

மூர்த்தி சார், அதை யார் தூக்குவது? செங்கல் கனம் கனக்கும். தம்பி, சட்னிக்கு அங்கேயே ஒரு சின்ன மிக்ஸி வாங்கிக்கொள்ளுங்கள்.