உறைபனிக் காலையில் மைதானத்தை மூடுவது யாருடைய முடிவாக இருக்க வேண்டும்?

யார்க்‌ஷயர்வாசி:

வணக்கம். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில், களிமண் நிலத்தில் அமைந்த 18 குழி கோல்ஃப் கிளப் ஒன்றின் கமிட்டியில் இந்த ஆண்டு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு விளையாடத் தெரியுமே தவிர, புல்லைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ அதிகம் தெரியாது. சென்ற சனிக்கிழமை நடந்த ஒரு குழப்பத்துக்குப் பிறகு, மோசமான வானிலையில் மைதானத்தை எப்போது மூடுவது என்பதற்கு ஓர் ஒழுங்கு வகுக்கும் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். காலை ஏழு மணிக்கு, இருட்டிலேயே, மைதானத்தின் புல்லையும் மண்ணையும் பராமரிக்கும் தலைமை கிரீன்கீப்பர் சுற்றிப் பார்த்துவிட்டு, உறைபனி இல்லை, திறந்திருக்கிறது என்று அறிவித்தார். எட்டு மணியளவில் வெளிச்சம் வந்தபோது முதல் நான்கு குழுக்கள் ஆடத் தொடங்கியிருந்தன. அதற்குள் புல் முழுவதும் வெளுத்துவிட்டது. அவர் உடனே மூடச் சொன்னார். பத்தரை மணிக்கு, ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து காத்திருந்தவர்களின் முணுமுணுப்பைத் தாங்க முடியாமல், கேப்டன் தம் பொறுப்பில் மறுபடியும் திறந்துவிட்டார். திங்கட்கிழமை பார்த்தால், மூன்றாம் கிரீனிலும் ஏழாம் கிரீனிலும் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை) ஈரச் சிமெண்டில் நடந்ததுபோலக் கறுத்த காலடித் தடங்கள். கிரீன்கீப்பர் கேப்டனோடு பேசுவதில்லை. பொருளாளரோ, ஒவ்வொரு சனிக்கிழமை மூடலுக்கும் விருந்தினர் கட்டணம் எவ்வளவு போகிறது என்று கணக்குக் காட்டுகிறார்.

முடிவெடுப்பது யார், எந்த நேரத்தில், எதைப் பார்த்து? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

புல்தரைக்காரன்:

ஐயா, நான் ஸ்காட்லாந்தில் பதினைந்து ஆண்டுகளாக கிரீன்கீப்பராக வேலை பார்க்கிறேன். ஆகவே ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், உங்கள் கிரீன்கீப்பர் ஏழு மணிக்குச் சொன்னதில் தவறில்லை. அந்த நேரத்தில் அறிவித்தது மட்டுமே தவறு. தெளிந்த வானமுள்ள இரவில் நிலம் விடியும் வரை வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும் என்பதால், சூரியன் எழும் வேளையிலும் அதற்குச் சற்றுப் பின்னரும்தான் குளிர் உச்சத்தைத் தொடுகிறது. ஆறு மணிக்கு ஈரமாக மட்டும் இருந்த புல் எட்டு மணிக்கு வெள்ளையாக நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஜனவரிக் கடைசியில் உங்கள் ஊரில் சூரியன் எழுவதே எட்டு மணிக்குத்தான். எனவே முந்தைய இரவு வானம் தெளிவாக இருந்தால், விடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை 'திறந்திருக்கிறது' என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாம். 'எட்டரைக்கு அறிவிப்போம்' என்பதும் ஓர் அறிவிப்புதான்.

அடுத்து, அந்தக் காலடித் தடங்கள். புல்லின் தாளுக்குள் இருக்கும் நீர் உறைந்திருக்கும்போது அதை மிதித்தால், பனிப்படிகங்கள் உயிரணுச் சுவர்களைக் குத்திக் கிழித்துவிடுகின்றன. பனி உருகிப் பச்சை தெரியும் அன்றைக்கு எதுவும் நடக்காததுபோல இருக்கும்; ஓரிரு நாள் கழித்தே கறுப்பு தெரியவரும். கேப்டனுக்கும் கிரீன்கீப்பருக்கும் நடக்கும் சண்டையில் பாதி இந்த இடைவெளியால் வருவது. குற்றம் நடந்த அன்று சாட்சி இல்லை. ஆனாலும், உண்மையைச் சொன்னால், இந்தத் தடங்கள் பெரிய ஆபத்தல்ல. வளர்முனை உயிரோடிருந்தால் வசந்தத்தில் புல் மீண்டுவிடும். குளிர்காலத்தில் அது வளராது என்பதால், மார்ச் வரை அந்த அவலட்சணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான ஆபத்து வெள்ளை மறைந்த பிறகுதான் வருகிறது. பல நாள் உறைந்த மண்ணில் மேலே ஓர் அங்குலம் இளகி, கீழே இன்னும் கல்லாக இருக்கும் நிலையைச் சொல்கிறேன். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல்மண் சேறாகிறது. அதன்மேல் ஒருவர் காலைத் திருப்பினால் மேலடுக்கு கீழடுக்கின் மீது வழுக்கி, வேர்கள் அறுபடுகின்றன. பார்க்கப் பச்சை, வானில் வெயில், உறுப்பினர்கள் எல்லோரும் ஜன்னலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நேரம் அது. உங்கள் கேப்டன் திறந்த பத்தரை மணி அப்படிப்பட்ட நேரமாக இருந்திருக்கலாம். சோதிக்க ஒரு சிறு கத்தி போதும். கிரீனில் இறக்கிப் பாருங்கள். இளகிய மண்ணைத் தாண்டிக் கத்தி டக்கென்று நின்றால் அந்த கிரீன் மூடப்பட்டிருக்க வேண்டும். முழு ஆழமும் இறங்கினால் திறக்கலாம்.

எந்த கிரீனில் சோதிப்பது என்பதும் முக்கியம். டிசம்பர் கடைசியில் நண்பகலிலேயே யார்க்‌ஷயரில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 13 பாகைதான் ஏறுகிறது. தெற்கே மரங்கள் நிற்கும் கிரீனுக்கு நாள் முழுக்க வெயில் எட்டாது. உங்கள் மூன்றாம், ஏழாம் கிரீன்களின் தென்புறத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கிளப் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் கிரீனைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம்தான் பல இடங்களில் கேட்டை விளைவிக்கிறது.

தற்காலிக கிரீன்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்கு இட்டுச்செல்லும் புல்பரப்பில், ஓர் இடத்தைக் குட்டையாக வெட்டிக் குழி போட்டு, அசல் கிரீன்களை மட்டும் மூடிவைப்பது உறைபனிக்கு நல்ல ஏற்பாடு. தொடர்மழைக்கு அது பயன்படாது.

விதி16:

புல்தரைக்காரர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மழையை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். களிமண் மைதானத்துக்கு உறைபனியைவிட மழைதான் அதிக நாள்களைத் தின்னும். நான் உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராக இருந்திருக்கிறேன் என்பதால் அந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

மைதானத்தை மூடுவதும் போட்டியை நிறுத்துவதும் ஒன்றல்ல என்பதை உங்கள் ஒழுங்கின் முதல் வரியிலேயே பிரித்துவிடுங்கள். நிலம் தாங்குமா என்பதைச் சொல்ல வேண்டியவர் கிரீன்கீப்பர். திறந்திருக்கும் நிலத்தில் நேர்மையாகப் போட்டி நடத்த முடியுமா என்பதைச் சொல்ல வேண்டியது போட்டிக் கமிட்டி. மூட வேண்டும் என்று கிரீன்கீப்பர் சொன்னதைக் கேப்டன் மாற்ற முடியாது. திறந்திருக்கிறது என்று கிரீன்கீப்பர் சொன்னாலும் போட்டியைக் கமிட்டி கைவிடலாம். உங்கள் கிளப்பில் இந்த இரண்டு அதிகாரங்களும் கலந்துகிடந்ததே சனிக்கிழமைச் சண்டைக்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

கோல்ஃப் விதிகளில் விதி 16.1 தேங்கிய மழைநீரைத் தற்காலிக நீர் என்று கொண்டு, அதிலிருந்து அபராதமின்றிப் பந்தை எடுத்து வேறிடத்தில் வைக்க அனுமதிக்கிறது. பனித்துளியும் உறைபனியும் அந்த வகையில் சேரா. ஆகவே குளம்போலத் தண்ணீர் நிற்கிறது என்பதால் மட்டும் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. நீரைத் தவிர்த்துப் பந்தை வைக்க நியாயமான இடம் இருக்கும் வரை ஆடலாம். குழியைச் சுற்றியே நீர் நின்று, விலகுவதற்கு இடமும் இல்லாமல், தள்ளியும் அகற்ற முடியாத நிலை வந்தால் மைதானம் ஆடத் தகுதியற்றதாகிவிட்டது என்று கமிட்டி முடிவு செய்யலாம். மொத்த அடிகளை எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில் எல்லோரும் ஒரே இடத்துக் குழியை ஆட வேண்டும் என்பதால், பாதியில் குழியை மேட்டுக்கு மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மழை வரும் என்று தெரிந்தால் முந்தைய மாலையே மேடான இடத்தில் குழி வெட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் பல போட்டிகள் பிழைத்ததைக் கண்டிருக்கிறேன்.

விதிகள் அனுமதிக்கின்றன என்பதற்காக மண்ணும் அனுமதிக்கும் என்று பொருளல்ல. காலை வைத்ததும் குதிகாலைச் சுற்றி நீர் கசிந்து எழுகிறதென்றால் மண்ணின் காற்றறைகள் நிரம்பிவிட்டன என்று பொருள். அப்போது பையை வைத்துத் தள்ளும் டிராலிகளையும், ஆட்டக்காரர் ஏறிச் செல்லும் பக்கி வண்டிகளையும் முதலில் தடை செய்து, பையைத் தோளில் சுமப்பவர்களை மட்டும் விடலாம். தாழ்வான நிலத்தில் இருக்கும் குழிகளை விட்டுவிட்டு மற்றவற்றைத் திறக்கலாம். முழுமூடலுக்கு முன்னால் இப்படி இரண்டு மூன்று படிகள் இருந்தால் பொருளாளரும் கொஞ்சம் அமைதியடைவார்.

காற்றையும் மறந்துவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் கோல்ஃப் போட்டியில், சனிக்கிழமை காலை கிரீனில் வைத்த பந்து காற்றில் தானாக உருளத் தொடங்கியதால், ஆட்டம் தொடங்கிய அரை மணி நேரத்திலேயே நிறுத்தப்பட்டு, பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோய், போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. புல்லை எவ்வளவு குட்டையாக வெட்டுகிறீர்களோ அவ்வளவு மெல்லிய காற்றுக்கே பந்து நகரும்.

சாங்கிக்காற்று:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு உறைபனி கதைகளில் மட்டும்தான். எங்கள் கவலை இடி. நண்பர்கள் இருவரும் அதைத் தொடவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. யார்க்‌ஷயரிலும் கோடையில் இடி இடிக்கும் அல்லவா?

மின்னலில் புல்லும் வருமானமும் கணக்கில் வரக் கூடாது. கூடி ஆலோசிக்கவும் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது ஏறத்தாழ பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். இருபத்தொன்பதாம் நிமிடத்தில் ஓர் இடி கேட்டால் கணக்கு மறுபடியும் தொடக்கத்திலிருந்துதான்.

நீண்ட ஒற்றைச் சங்கொலி என்றால் உடனடி நிறுத்தம். அதற்குப் பின் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது, மீறினால் போட்டியிலிருந்து நீக்கம். மூன்று தொடர் ஒலிகள் சாதாரண நிறுத்தத்துக்கு. ஆடிக்கொண்டிருக்கும் குழியை முடித்துக்கொள்ளலாம். மீண்டும் தொடங்க இரண்டு குறுகிய ஒலிகள். சங்கு ஒலிக்காவிட்டாலும், மின்னல் ஆபத்து இருப்பதாக ஆட்டக்காரர் நியாயமாக நம்பினால் தாமே நிறுத்த விதி 5.7 இடம் தருகிறது. இதை உறுப்பினர்களுக்கு எழுதியே கொடுங்கள், பலருக்குத் தெரியாது.

1975இல் சிகாகோ அருகே நடந்த வெஸ்டர்ன் ஓபனில் லீ டிரெவினோ உள்ளிட்ட மூன்று ஆட்டக்காரர்களை மின்னல் தாக்கியது, அவர்கள் பிழைத்தார்கள். 1991இல் மினசோட்டாவின் ஹேசல்டைனில் நடந்த யு.எஸ். ஓபனில் மரத்தடியில் ஒதுங்கிய பார்வையாளர்களில் ஒருவர் இறந்தார். மரத்தடியும், பக்கியும், சுவரில்லாத மழைக்கொட்டகையும் பாதுகாப்பல்ல. மூடிய கட்டடமோ, உலோகக் கூரையுள்ள காரோதான் பாதுகாப்பு. உங்கள் மைதானத்தின் கடைக்கோடியிலிருந்து அங்கே நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று அளந்து, அதற்கேற்ப முன்கூட்டியே சங்கை ஊதச் சொல்லுங்கள்.

வென்லாக்நடை:

ஒரு சிறு குறிப்பு. உதகையில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். ஆனால் அங்கே டிசம்பரிலும் நண்பகல் சூரியன் 55 பாகை உயரத்துக்கு வந்துவிடுவதால், விடிந்த கொஞ்ச நேரத்தில் உறைபனி உருகிவிடும், மண் உறைவதில்லை. காத்திருந்தாலே போதும், மூட வேண்டியதில்லை. புல்தரைக்காரர் சொல்லும் இளகலின் ஆபத்து உங்கள் அட்சரேகைக்கு உரியது. உதகையிலிருந்து உங்கள் ஊருக்கு வந்து ஆடுபவர்கள் 'வெயில் வந்துவிட்டதே' என்று வாதாடினால் கோபிக்காதீர்கள்.

யார்க்‌ஷயர்வாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்று போய்ப் பார்த்தேன்: இரண்டு கிரீன்களுக்கும் தெற்கே ஊசியிலை மரவரிசை நிற்கிறது. கேப்டனையும் அழைத்துச் சென்று, ஏழாம் கிரீனில் அவர் கையாலேயே கத்தியை இறக்கச் சொன்னேன். இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. அவர் எதுவும் சொல்லவில்லை; ஆனால் நிலத்தைப் பற்றிய முடிவு கிரீன்கீப்பருடையது என்ற வரியைக் கமிட்டிக் கூட்டத்தில் அவரே முன்மொழிவதாக ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு ஐயம்: எட்டரைக்கு மூடியிருந்தால், அடுத்து எத்தனை மணிக்குப் பார்ப்பது?

புல்தரைக்காரன்:

பத்தரைக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை. பன்னிரண்டுக்கும் கத்தி நின்றால், அன்றைக்கு முழுநாள் மூடல் என்று அறிவித்துவிடுங்கள். நாலரை மணிக்கு இருட்டும் ஊரில் அதற்குப் பிறகு திறந்தும் 18 குழி முடியாது. கத்தியை கிரீன்கீப்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.