நீடாமங்கலம் பக்கம் பழைய ஓட்டு வீடு: இடிக்கவா, பழுது பார்க்கவா?

நீடாமங்கலத்துக்காரன்:
வணக்கம். தாத்தா கட்டிய வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், மேலே நாட்டு ஓடு. கூடத்துத் தெற்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம், அதாவது ஈரம், ஏறிக் கிடக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழைய காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினோம், அது இப்போது உப்பிப் பாளம் பாளமாக விழுகிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் ஓட்டைப் பிரித்துவிட்டு இதே சுவர் மேல் கான்கிரீட் போடலாம் என்கிறார், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மொத்தமாக இடித்துவிடு என்கிறான், அப்பாவுக்கு 74 வயது, திண்ணையில் கை வைக்கக் கூடாது என்கிறார். அறுவடை முடிந்து மாசியில் ஆரம்பித்தால்தான் ஐப்பசி மழைக்குள் முடியும். எனக்குத் தூக்கமே வரவில்லை.

கும்பகோணம் சிவில்:
தம்பி, கான்கிரீட் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அஞ்சு அங்குல கான்கிரீட் சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் மூன்றரை டன். செங்கல் இடுக்கில் ஆணியால் கீறிப் பாருங்கள், மண்ணாக உதிர்ந்தால் மண்சாந்துச் சுவர், அதன் மேல் இந்த எடையை ஏற்றவே கூடாது. நம் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், சித்திரையில் வெடிக்கும். என் மாமா வீட்டில் இப்படித்தான் போட்டார்கள், அடுத்த கோடையிலேயே நிலைவாசலுக்கு மேல் சாய்வாக ஒரு வெடிப்பு, விரல் நுழையும்.

ஓதத்துக்கு வருவோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதைப் பூசினாலும் விழும். முற்றத்தில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகியிருந்தால் ஜலதாரை, அதாவது முற்றத்துத் தண்ணீர் போகும் வடிகால், வெளியே ஓடாது, அந்தத் தண்ணீர்தான் சுவரில் ஏறும். அதைச் சரி செய்து, சிமெண்டைக் கொத்திவிட்டு, கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு பூசுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும்.

மாயவரம் மருமகள்:
பழைய வீட்டை இடிக்காதே என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம், அதில் குடியிருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். எங்கள் மாமியார் ராத்திரி மழையில் முற்றத்தைக் கடந்து கொல்லைக் கழிவறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. குரங்கு ஓட்டைப் புரட்டிப் போடும், மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்காது. முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டோம், அவசரத்தில் சுற்றி இடைவெளி விடாமல் மூடிவிட்டோம், சித்திரை மாசம் கூடத்தில் உட்கார முடியவில்லை. மறுபடி கழற்றி ஒன்றரை அடி உயர்த்தி வைத்த பிறகுதான் காற்று வந்தது. உங்கள் அப்பா படுக்கும் அறையை ஒட்டி முதலில் ஒரு கழிவறை கட்டுங்கள் சகோதரா, கைப்பிடி வைத்து. மற்றதெல்லாம் அப்புறம்.

வேதாரண்யம் வாசி:
2018 கஜா புயலில் எங்கள் ஓடு பாதி போச்சு. ஆனால் உத்தரம் அசையவில்லை, எல்லாம் வைரம் பாய்ந்த பனை. ஓட்டைப் பார்க்காதீர்கள், சுவரில் பதிந்திருக்கும் மர முனைகளைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கரையான்.

நீடாமங்கலத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், மத்தியானம் வரை அப்படியே நின்றது. ரோடு எங்கள் முற்றத்தைவிட ஒரு முழம் உயரம். ஓட்டைத் தாங்கும் கைமரங்களில் மூன்று செத்துவிட்டன, மற்றது கெட்டி. அண்ணனிடம் பேசிவிட்டேன், இந்த வருஷம் ஜலதாரை, அப்பாவுக்குக் கழிவறை, தெற்குச் சரிவு ஓடு, இது மட்டும். மாயவரம் அக்கா கழிவறை பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவே இல்லை. சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் வலங்கைமான், மன்னார்குடி பக்கம் இருந்தால் சொல்லுங்கள், வயசானவராக இருந்தாலும் பரவாயில்லை, சித்தாள் நான் நிற்கிறேன்.