நம்ம குடும்பம் (புதுசு)

முருகேசன்: (படம்)

முருகேசன்: எல்லாரும் பாருங்க!!! நம்ம சின்ன மச்சான் செல்வத்துக்கு டாக்டர் பட்டம். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு, பாண்டிச்சேரி, ஏசி ஹோட்டல்ல விழா 🙏🙏

ஜெயந்தி: ஆத்தீ

ஜெயந்தி: சின்னண்ணே வாழ்த்துக்கள். அம்மா இருந்து பாத்திருக்கணும்

தினேஷ்: சின்ன மாமா இனிமே ஊசி போடுவாரா

ஜெயந்தி: வாய மூடுடா

கார்த்தி: அப்பா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல

முருகேசன்: லெட்டர் நேத்துதான் வந்துச்சு மாப்ள. மனிதநேயச் சாதனையாளர் விருது, கூடவே கௌரவ முனைவர் பட்டம். இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி. 17 சீட்டு வேன் பேசிட்டேன். ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிட்டேன். வர்றவங்க பேரப் போடுங்க

பிரியா: மாமா, லெட்டர் கீழ பாதி வெட்டிருக்கே. ஏதோ கட்டணம்னு தெரியுது

முருகேசன்: அது ஒண்ணுமில்லம்மா. அங்கி, தொப்பி, ஷீல்டு, ரெண்டு பேருக்கு சாப்பாடு. எல்லாம் சேத்து 25,000

பிரியா: விருது வாங்குறவரே காசு குடுக்கணுமா?

தினேஷ்: மொய் நம்ம வைக்கணும் போல

கார்த்தி: எந்த யுனிவர்சிட்டி மாமா

முருகேசன்: பேரு நீளமா இருக்கு. ஃபாரின்

ராஜாமணி: அனைவருக்கும் காலை வணக்கம். தம்பி செல்வத்துக்குப் பெருமை சேர்ந்தால் என்னைவிட மகிழ்பவர் இந்தக் குழுவில் யாரும் இல்லை என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பட்டம் கொடுக்க யாருக்கு உரிமை என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம், 1956. அதன் 22ஆம் பிரிவுப்படி மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனம், இவை மட்டுமே பட்டம் வழங்கலாம். 23ஆம் பிரிவு இன்னும் கறார். மற்றவர்கள் பெயரில் 'யுனிவர்சிட்டி' என்று போட்டுக்கொள்ளவே கூடாது. முறையான பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுப்பதென்றால் ஆட்சிக்குழுவில் வைத்துப் பேசி, வேந்தர் ஒப்புதல் பெற்று, பட்டமளிப்பு விழா மேடையில் கொடுக்கும். 2022 நவம்பரில் காந்திகிராமத்தில் இளையராஜாவுக்குக் கொடுத்தார்களே, அப்படி. மதியச் சாப்பாட்டுக் கூப்பனோடு கொடுப்பதில்லை. தொடர்ச்சி கீழே.

தினேஷ்: தொடர்ச்சி வேறயா

முருகேசன்: மச்சான், நம்மாளுக்கு ஒரு நல்லது நடக்கும்போது சட்டம் பேசாதீங்க

பிரியா: மாமா, யுஜிசி தளத்துல அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகப் பட்டியல் இருக்கு. இந்தப் பேரு அதுல இல்ல

முருகேசன்: போலிப் பட்டியல்னு ஒண்ணு போட்ருக்கான்ல. அதுல இருக்கா?

பிரியா: இல்ல

முருகேசன்: அப்புறம் என்ன! போலி இல்லன்னு கவர்மெண்டே சொல்லிருச்சு

கார்த்தி: மாமா 😂

தினேஷ்: நானும்தான் அந்தப் பட்டியல்ல இல்ல. அப்ப நானும் யுனிவர்சிட்டி

ராஜாமணி: தொடர்ச்சி. பல்கலைக்கழகங்கள் மனிதநேயத்துக்கு விருதே தருவதில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் தருகிறது. ராவுல் வாலன்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் அங்கே கட்டடக்கலை படித்து 1935இல் பட்டம் பெற்றார். 1944இல் புடாபெஸ்ட் நகரில் தூதரக அதிகாரியாக இருந்துகொண்டு ஸ்வீடன் முத்திரை போட்ட பாதுகாப்புச் சீட்டுகளை அச்சடித்து ஆயிரக்கணக்கான யூதர்களை நாஜிகளிடமிருந்து காப்பாற்றினார். 1945 ஜனவரியில் சோவியத் படையினர் அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. அந்தப் பழைய மாணவர் பெயரில் 1990 முதல் பதக்கம் கொடுக்கிறார்கள். முதல் பதக்கம் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசலுக்கு. 1994இல் தலாய் லாமா, 2008இல் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ. அங்கி வாடகை கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

தினேஷ்: பெரிய மாமா இது எத்தனை மார்க் கேள்வி

ஜெயந்தி: (குரல் பதிவு 2:41)

கார்த்தி: அத்தை ஆபீஸ்ல இருக்கேன், கேக்க முடியாது. என்ன சொன்னீங்க

தினேஷ்: நான் கேட்டேன். 2 நிமிஷம் குக்கர் சத்தம். கடைசில 'அப்ப ஃபாரின்ல குடுக்குறாங்கல்ல'

பிரியா: 24ஆம் பிரிவு என்னப்பா? தண்டனை?

ராஜாமணி: அபராதம். அதிகபட்சம் 1,000 ரூபாய்.

கார்த்தி: ஆயிரமா

தினேஷ்: ஒரு தலைக்கு 25 ஆயிரம் வாங்கிட்டு ஆயிரம் கட்டிட்டுப் போயிரலாம். நல்ல தொழிலா இருக்கே

பிரியா: 2023 பிப்ரவரியில அண்ணா பல்கலைக்கழக அரங்கத்துலயே ஒரு கும்பல் இப்படி விழா நடத்துச்சு. சினிமாக்காரங்களுக்கெல்லாம் கௌரவ டாக்டர் பட்டம். அரங்கத்த வாடகைக்கு விட்டதோட சரி, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு பல்கலைக்கழகமே போலீஸ்ல புகார் குடுத்துச்சு. வாங்கினவங்களுக்கு அது போலின்னே தெரியாது. அவ்ளோ பெரிய ஆளுங்களே நம்பிருக்காங்க

முருகேசன்: அது வேற இது வேற

பிரியா: எப்படி வேற

முருகேசன்: அது சென்னை

ஜெயந்தி: பெரியண்ணே ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நல்லாசிரியர் விருதுக்கு நீங்களும்தான் ஃபைல் கட்டி அனுப்புனீங்க. போட்டோ, பேப்பர் கட்டிங், ஸ்கூல்ல மரம் நட்டது எல்லாம் ஒட்டி. நாந்தான் பைண்டிங் பண்ணிட்டு வந்தேன். நமக்குக் கிடைக்கலன்னு அடுத்தவனுக்குக் கிடைக்கிறதத் தடுக்கலாமா

ராஜாமணி: அது மாநில அரசு விருது. விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. செப்டம்பர் 5 அன்று மேடையில் கொடுப்பது. இரண்டையும் ஒப்பிடாதே.

தினேஷ்: அம்மா ஃபயர்

ராஜாமணி: அந்த வருடம் யாருக்குக் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

பிரியா: அப்பா, அத இப்ப எதுக்கு

மரகதம்: எல்லாரும் பேசிட்டீங்களா

மரகதம்: 25 ஆயிரம் எங்க இருந்து வரும்னு யாருமே கேக்கலியே. போன தடவ ஆம்புலன்ஸுக்கு டயர் மாத்தணும்னு என் வளையல் போச்சு. இன்னும் பேங்க்லதான் இருக்கு

முருகேசன்: தங்கச்சி கவலப்படாத. அட்வான்ஸ் 5,000 நானே ஜிபே பண்ணிட்டேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு

ஜெயந்தி: எந்த 5,000

ஜெயந்தி: என்னங்க

ஜெயந்தி: சீட்டுப் பணமா

தினேஷ்: ரிப்ளை வராது

மரகதம்: அண்ணே நீங்க நல்ல மனசுலதான் செஞ்சிருப்பீங்க. ஆனா ஒண்ணு. அவரு 20 வருசமா அனாதப் பொணத்த எடுத்து அடக்கம் பண்றாரு. இந்தக் குடும்பத்துல ஒருத்தர் ஒரு துண்டு போத்திருக்கீங்களா? பிரியா கல்யாணத்தன்னிக்கு மார்ச்சுவரிலருந்து நேரா வந்தவர பந்தில உக்காராதன்னு வெளிய நிறுத்துனீங்க அத்தான். குளிச்சிட்டுத்தான் வந்தாரு. நான் இத்தன நாள் பேசல

ராஜாமணி: அது மாப்பிள்ளை வீட்டார் சொன்னது.

பிரியா: அப்பா. அவங்க எதுவும் சொல்லல

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கார்த்தி: அம்மா விடும்மா

செல்வம்: ஓ நெகட்டிவ் 2 யூனிட் அவசரம். ஜிஎச். பிரசவ கேஸ். யார் இருக்கா

பிரியா: சித்தப்பா நான் பி பாசிடிவ் 😞 என் ஆபீஸ் குரூப்ல போடறேன்

கார்த்தி: தினேஷ் நீ ஓ நெகட்டிவ்தான

தினேஷ்: போன மாசம்தான் மாமா கூட்டிட்டுப் போய் எடுத்தாரு

செல்வம்: வேணாம். ஆம்பளைக்கு 90 நாள் ஆகணும். உன் ஃப்ரெண்டு ஒருத்தன் இருந்தானே, பைக் மெக்கானிக்

தினேஷ்: கூப்பிடறேன்

ஜெயந்தி: நான் ஓ பாசிடிவ் வந்தா ஆகாதா அண்ணே

செல்வம்: நெகட்டிவ் பொம்பளைக்கு பாசிடிவ் ஏத்த மாட்டாங்கம்மா. அடுத்த பிள்ளைக்குப் பிரச்சனை வரும். நீ வந்து குடு, பேங்க்ல வேற ஆளுக்கு ஆகும்

முருகேசன்: நான் வரவா

செல்வம்: 65 வரைக்கும்தான் மச்சான்

முருகேசன்: எனக்கு 62

ஜெயந்தி: ஆதார்ல

தினேஷ்: மெக்கானிக் கிளம்பிட்டான் மாமா. 20 நிமிஷம். சாப்பிட்டியான்னு கேட்டேன், சாப்பிட்டானாம்

செல்வம்: சரி. கேட்ல என் பேரச் சொல்லச் சொல்லு. விடலன்னா எனக்கு அடிக்கச் சொல்லு

பிரியா: சித்தப்பா, லெட்டரோட ரெண்டாம் பக்கத்த நீங்க படிச்சீங்களா

செல்வம்: படிக்கல. மச்சான் கிட்ட இருக்கு

பிரியா: மாமா ப்ளீஸ் முழுசா அனுப்புங்க

முருகேசன்: நெட் ஸ்லோ

ஜெயந்தி: (படம்)

ஜெயந்தி: பீரோ மேல இருந்துச்சு

கார்த்தி: "மூவரைப் பரிந்துரைப்பவர்களுக்குச் சமூகச் சேவைச் செம்மல் விருது இலவசமாக வழங்கப்படும்"

கார்த்தி: மாமா மத்த ரெண்டு பேரு யாரு

தினேஷ்: அப்பா செம்மலா 😂😂😂

தினேஷ்: தேசிய கீதத்துக்கு யுனெஸ்கோ அவார்டுன்னு ஃபார்வர்டு போட்டப்பவே நான் உஷாராயிருக்கணும்

முருகேசன்: சிரிக்காதீங்கடா. எனக்கு வேணும்னு நான் செய்யல. மச்சான் பேரு வெளிய தெரியணும்னுதான். பொணம் தூக்கின ஆளுன்னு சொல்றவன் வாயெல்லாம் டாக்டர்னு சொல்லணும். அவ்ளோதான்

மரகதம்: 🙏

ராஜாமணி: மாப்பிள்ளை, உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் தொண்டுக்கு மரியாதை இப்படி வருவதில்லை. 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இறங்கி நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். 1981இல் அதற்கென்றே லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது கணவர் ஜெகந்நாதனுக்கும் அவருக்கும் சேர்த்து 2008இல்தான் வந்தது. 40 வருடம். அவர் எங்கும் பணம் கட்டவில்லை.

மரகதம்: எங்களுக்கு 20 ஆச்சு. இன்னும் 20 இருக்கணும்கிறீங்க

ராஜாமணி: நான் அப்படிச் சொல்லவில்லை மரகதம்.

கார்த்தி: அப்பா நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இது வேணுமா வேணாமா

கார்த்தி: அப்பா

பிரியா: ஆஸ்பத்திரில இருப்பாரு

செல்வம்: ஒரு யூனிட் ஆச்சு. இன்னொண்ணு தேடறேன்

செல்வம்: எனக்குப் பட்டம் எல்லாம் எதுக்கு. கார்டு ஒண்ணு தருவான்னு மச்சான் சொன்னாரு. போட்டோ ஒட்டி சீல் வச்சு. அதுக்குத்தான் சரின்னேன். வாட்ச்மேன் மாறுறப்பல்லாம் என்ன கேட்லயே நிறுத்துறான். ராத்திரில போய் நான் யாருன்னு எத்தன பேர்கிட்ட சொல்றது

கார்த்தி: ஒரு ஐடி கார்டுக்காகவாப்பா

செல்வம்: ஸ்டேஷன்லயும் எஸ்ஐ மாறுனா முதல்லருந்து கதை சொல்லணும். கடுதாசி இல்லாம பாடிய எடுக்க முடியாதுல்ல

பிரியா: சித்தப்பா, அதுக்கு இந்தக் கார்டு எதுக்குமே ஆகாது. சீல் போலின்னு தெரிஞ்சா உங்க மேலயே கேஸ் வரும். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்போம். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் கலெக்டர் கையால நற்சான்று தர்றாங்கல்ல. அது உண்மையான சீல். டீன்கிட்டயும் அனுமதிக் கடிதம் கேட்டுப் பாக்கலாம்

செல்வம்: மனு யாரு எழுதுறது

தினேஷ்: எல்லாரும் ஒரே ஆள நினைக்கிறோம்

ராஜாமணி: நான் எழுதித் தருகிறேன். இதுவரை அடக்கம் செய்த விவரம், ஸ்டேஷன் கடித நகல்கள், ரத்ததான முகாம் தேதிகள் வேண்டும். செல்வம், நோட்டு ஏதாவது வைத்திருக்கிறாயா?

மரகதம்: இருக்கு அத்தான். நாலு நோட்டு. நான்தான் எழுதி வச்சிருக்கேன்

ராஜாமணி: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

மரகதம்: வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்

தினேஷ்: பைண்டிங் அம்மா

ஜெயந்தி: நான் பண்ண மாட்டேன். என் 5,000 வரட்டும்

பிரியா: மாமா, அவங்களுக்கு வேண்டாம்னு மெசேஜ் போட்டு அட்வான்ஸத் திருப்பிக் கேளுங்க. தரலன்னா 1930க்கு அடிங்க, சைபர் கிரைம் நம்பர்

முருகேசன்: கேட்டுட்டேன். 'டாக்டர் செல்வம் அவர்களின் இருக்கை உறுதி செய்யப்பட்டது'ன்னு ரிப்ளை வருது

கார்த்தி: ஆட்டோ ரிப்ளையா

முருகேசன்: திரும்பக் கேட்டேன். மறுபடியும் அதான் வருது

ஜெயந்தி: வேன் பேசியாச்சே. அதே ஞாயித்துக்கிழம குலதெய்வம் கோயிலுக்காவது போய்ட்டு வருவமா? மூணு வருசமாச்சு

ராஜாமணி: கோயில் வரி பாக்கி பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஜெயந்தி: ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: எனக்கு அந்த ஞாயிறு லீவு இல்ல

செல்வம்: இன்னொரு ஓ நெகட்டிவ்?

பிரியா: என் ஆபீஸ்ல ஒருத்தர் ஓகே சொல்லிட்டாரு சித்தப்பா. நம்பர் தனியா அனுப்பறேன்

முருகேசன்: வேன்காரர் நாளைக்குள்ள சொல்லணும்ங்கிறாரு. கோயிலா, கேன்சலா?

தினேஷ்: கோயில்

கார்த்தி: கேன்சல்

ஜெயந்தி: பெரியண்ணன் சொல்லட்டும்

முருகேசன்: ஃப்ளெக்ஸ் வேற வந்துருச்சு. 8க்கு 10. மச்சான் படம் நல்லா வந்திருக்கு. 'டாக்டர்' மேல மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிறலாமா

ராஜாமணி: பெயருக்கு முன்னால் போடுவது பற்றி உச்ச நீதிமன்றம் பத்ம விருது வழக்கிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விரிவாக எழுதுகிறேன்.

மரகதம்: ஸ்டிக்கர் எல்லாம் வேணாம் அண்ணே, அப்படியே கொண்டாங்க. மாடி ஷெட்டு ஒழுகுது