ஒரே வரிசை எண் இரண்டு குடும்பத்துக்குப் போய்விட்டது: லாக் போட்ட ட்ரீமேப்பில் இது எப்படி?

மொரிசியஸ் மருமகள் (ரோஸ் ஹில்):

வணக்கம். பிறந்தது தென்காசிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. பகலில் எபேனில் ஜாவா வேலை. எங்கள் கோயிலில் தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதிகிற ப்ரோக்ராமை இந்த முறை நான் எழுதிக் கொடுத்தேன். ஆற்றங்கரையிலிருந்து யார் எந்த வரிசையில் கிளம்புவது என்று எண் கொடுப்பதுதான் அதன் வேலை. மூன்று மேசை, மேசைக்கு ஒரு ஃபோன், எல்லாவற்றுக்கும் சர்வராக என் லேப்டாப். ஒவ்வொரு பதிவும் தனித் த்ரெட்டில் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழையில்) ஓடும்.

வரிசை எண்ணைக் கீயாக (தேடும் சாவியாக) வைத்துப் பெயர்களை ட்ரீமேப்பில், அதாவது கீ வரிசைப்படியே வைத்திருக்கும் ஜாவா மேப்பில், போட்டேன். பல த்ரெட் ஒரே நேரத்தில் தொடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விட லாக் போடுகிற சிங்க்ரனைஸ்டுசார்ட்டட்மேப் கொண்டு அதைச் சுற்றியும் விட்டேன். புதிதாக ஒருவர் வந்தால் லாஸ்ட்கீயை (கடைசி எண்ணை) எடுத்து, ஒன்று கூட்டி, புட் செய்கிறேன் (மேப்பில் எழுதுகிறேன்).

பதிவு நடந்த சாயங்காலம் இரண்டு குடும்பத்தின் கையில் 48. இரண்டு சீட்டிலும் மேசைப் பையன்கள் நீல மையில் எழுதிய அதே எண். பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறது. விடுபட்டது பால்குடம் எடுக்க வந்த ஒரு பாட்டி. பத்து நாள் விரதம் இருந்து வந்தவரிடம் ‘உங்கள் பெயர் இல்லை’ என்று நான் எப்படிச் சொல்வது? அன்று இரவு தூங்கவே இல்லை.

இன்னொன்று: பதிவு நடக்கும்போது பெரிய திரையில் பட்டியலைக் காட்டினால் அவ்வப்போது கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்செப்ஷன் (படிக்கும்போதே பட்டியல் மாறிவிட்டது என்ற பிழை) வந்து திரை நின்றுவிடுகிறது. லாக் போட்ட மேப்தானே, ஏன்? பல த்ரெட்டுக்கென்றே இருக்கும் கன்கரன்ட்ஸ்கிப்லிஸ்ட்மேப்புக்கு மாற்றினால் இரண்டும் சரியாகிவிடுமா?

காத்ர்போர்ன் தம்பி:

அக்கா, அந்த மேப் ஒவ்வொரு மெத்தடையும் தனித்தனியாகத்தான் பூட்டுகிறது. லாஸ்ட்கீ ஒரு பூட்டு, புட் இன்னொரு பூட்டு. இரண்டுக்கும் நடுவில் கதவு திறந்தேதான் கிடக்கிறது. முதல் மேசை 47 என்று பார்க்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவது மேசையும் 47 என்றே பார்க்கிறது. இருவரும் 48 போடுகிறார்கள். இரண்டாவது புட் முதலில் எழுதிய பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைக்கும், எந்தப் புகாரும் சொல்லாது. பழைய மதிப்பைத் திருப்பித் தந்திருக்கும், நீங்கள் வாங்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே எண் இரண்டு பேருக்குப் போனதும் பாட்டி பெயர் காணாமல் போனதும் ஒரே பிழைதான்.

எண் கொடுக்கும் வேலையை மேப்பிடமிருந்து பிரித்து ஒரு அட்டாமிக்இன்டிஜரிடம் (பல த்ரெட் தொட்டாலும் பிசகாத எண்ணியிடம்) கொடுங்கள். ஒன்று கூட்டித் தருகிற இன்கிரிமென்ட்அண்ட்கெட் ஒரே அசைவில் நடக்கும், நடுவில் யாரும் நுழைய முடியாது. 49 மேப்புக்குள் முதலில் வந்து 48 பின்னால் வந்தாலும் பரவாயில்லை, வரிசைப்படுத்தத்தானே ட்ரீமேப் இருக்கிறது.

திரை விஷயம்: ஃபார் லூப்பில் சுற்றுவதற்கு அந்த மேப் லாக் போடாது. சுற்றும்போது வேறு த்ரெட் ஒரு பெயரைச் சேர்த்தால், ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிற இட்டரேட்டர் அந்த எக்செப்ஷனை எறியும். லூப் முழுவதையும் சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் நீங்களே வைக்க வேண்டும். ஹெட்மேப், டெயில்மேப் (மேப்பின் முன்துண்டு, பின்துண்டு) எடுத்துச் சுற்றினாலும் லாக் போட வேண்டியது அந்தத் துண்டின் மேல் இல்லை, சுற்றி வைத்த மூல மேப்பின் மேல். இதில் நானே ஒரு வாரம் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூர் ஜாவாக்காரர்:

தம்பி சொன்னது சரி. நீங்கள் கேட்ட ஸ்கிப்லிஸ்ட்டுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மேப்பை மாற்றுவதால் மட்டும் 48 தீராது. பார்ப்பதும் எழுதுவதும் இரண்டு படியாக இருக்கும்வரை எந்த மேப்பிலும் இது வரும். அதில் எழுதுவதென்றால் புட்இஃப்ஆப்சென்ட் (அந்த எண் காலியாக இருந்தால் மட்டும் எழுதுவது) கூப்பிட்டு, நல் (காலி மதிப்பு) வரவில்லை என்றால் அடுத்த எண்ணோடு மறுபடி முயல வேண்டும். வரிசையின் முதல் ஆளை எடுப்பதற்கும் இதே கதைதான்: ஃபர்ஸ்ட்கீ பார்த்து அப்புறம் ரிமூவ் என்று பிரிக்காமல் இரண்டையும் சேர்த்துச் செய்கிற போல்ஃபர்ஸ்ட்என்ட்ரி ஒன்றே போதும்.

ட்ரீமேப் உள்ளே ஒரு சிவப்பு-கறுப்பு மரம், அதாவது தன்னைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் தேடல் மரம். ஒரு பெயர் சேர்ந்தாலும் மரம் சமநிலைக்காகத் திரும்பலாம், அதில் பல முனைகளின் இணைப்பு மாறும். லாக் இல்லாமல் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் திருப்பினால் இணைப்பு வட்டமாகிப் போய், தேடுகிற த்ரெட் அதிலேயே சுற்றிக்கொண்டு சிபியுவைத் தின்னும். வில்லியம் பியூ 1990இல் வெளியிட்ட ஸ்கிப் லிஸ்ட்டில் அந்தத் திருப்பலே கிடையாது. அடுக்கடுக்கான சங்கிலிகளில் பக்கத்து இணைப்புகளை மட்டும் மாற்றினால் போதும். அதனால்தான் 2006இல் வந்த ஜாவா 6இல் பல த்ரெட்டுக்கான சார்ட்டட் மேப்பை அதை வைத்துக் கட்டினார்கள்.

அதன் இட்டரேட்டர் எக்செப்ஷன் எறியாது. ஆனால் சுற்றும்போது சேர்ந்த பெயரைக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். திரைக்கு அது போதும், அச்சிடுகிற இறுதிப் பட்டியலுக்குப் போதாது. பழைய ஜாவாவில் சைஸ் (எத்தனை பெயர் என்று) கேட்டால் முழுச் சங்கிலியையும் எண்ணித்தான் சொன்னது. மூன்று மேசைக்கு இதெல்லாம் எதற்கு? ஒரே லாக் போதும் என்பேன்.

மொரிசியஸ் மருமகள்:

இருவருக்கும் நன்றி. ட்ரீமேப்பையே வைத்துக்கொண்டேன். எண் அட்டாமிக்இன்டிஜரிடம் போய்விட்டது. லேப்டாப் அணைந்து எழுந்தால் அது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடுமே என்று, கோப்பிலிருந்து பெயர்களை ஏற்றி முடித்ததும் லாஸ்ட்கீயைப் பார்த்து அதில் வைக்கிறேன். அந்த நேரத்தில் ஓடுவது ஒரே த்ரெட். திரைக்கு லாக்குக்குள் பட்டியலை நகலெடுத்து, வெளியே வந்து நகலைக் காட்டுகிறேன்.

நேற்று மூன்று த்ரெட்டில் ஆளுக்கு 1000 பெயர் போட்டுப் பார்த்தேன். பழைய ப்ரோக்ராம் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு எண்ணிக்கை சொன்னது, ஒருமுறைகூட 3000 வரவில்லை. புதியதை இருபது தடவை ஓட்டினேன். இருபதிலும் 3000.

பாட்டி என்ன ஆனார் என்று கேட்பீர்களானால்: அன்றே அவர் பெயரை 48க்கும் 49க்கும் நடுவில் கையால் எழுதினோம். 48ஆம் எண் குடும்பம் தாங்களே ஒதுங்கி அவரை முன்னால் நடக்கவிட்டது.