பிரிண்டர் கடைசியாக என்ன பதில் சொன்னது? மெயின்ஃபிரேம் சப்போர்ட் அனுபவங்கள்

மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) வேலையில் இருப்பவர்களும் இருந்தவர்களும் டெர்மினல் (அதோடு பேசும் திரையும் விசைப்பலகையும்), பிரிண்டர் விஷயத்தில் பட்டதை இங்கே எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

தரமணியில் செகண்ட் ஷிஃப்ட். எங்கள் கிளையன்டுக்கு அமெரிக்காவில் ஒரு கிடங்கு. லாரியில் சரக்கு ஏற்றுவதற்கான சீட்டு மெயின்ஃபிரேமிலிருந்துதான் அங்கே அச்சாகும். அங்கே திங்கட்கிழமை விடிந்தால் இங்கே மாலையில் டிக்கெட் வந்து விழும்: பிரிண்டர் வேலை செய்யவில்லை.

அவர்கள் பிரிண்டரையும் அதை மெயின்ஃபிரேமோடு சேர்க்கும் பிசியையும் அணைத்துப் போடுவார்கள். டெஸ்ட் பேஜ் அழகாக வரும். நான் விடிஏஎம்மில் (மெயின்ஃபிரேமின் நெட்வொர்க் மென்பொருள்) அந்த எல்யூவை (பிரிண்டரோ திரையோ அந்த நெட்வொர்க்கில் இணையும் முனை) டிஸ்ப்ளே போட்டால் ஏசிடி/எஸ் என்று காட்டும், அதாவது செஷன் (மெயின்ஃபிரேமுக்கும் பிரிண்டருக்கும் இடையிலான பேச்சு) ஓடிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் டீமைக் கேட்டால் லைன் சுத்தம். ஆளாளுக்கு அவரவர் பக்கம் சரி, சீட்டு மட்டும் வராது. வெளியே லாரிகள் வரிசையில் நிற்கும்.

மெயின்ஃபிரேம் பிரிண்டருக்கு ஒன்றை அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துவிடுவதில்லை. எஸ்என்ஏ என்ற ஐபிஎம்மின் நெட்வொர்க் முறையில் அனுப்பியதற்குப் பதில் கேட்க முடியும். அச்சாகிவிட்டால் பிரிண்டர் பக்கத்திலிருந்து சரி என்று பதில் போகும். பேப்பர் தீர்ந்தால் 0802 என்ற சென்ஸ் கோடு போகும், ஆள் வந்து கவனிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அப்படிப் பதில் கேட்டிருந்தால், அது வரும்வரை அடுத்த சீட்டு நகராது. அதனால் பிரிண்டர் தகராறு என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கடைசியாகப் பேசியது யார், இப்போது யார் முறை?

டிரேஸ் (போய்வந்த செய்திகளின் பதிவு) எடுத்தோம். ஹோஸ்ட், அதாவது மெயின்ஃபிரேம், அனுப்பியிருக்கிறது. சரி என்றும் பதில் இல்லை, 0802ம் இல்லை. எதிர்முனையில் யாருமே இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. சனி, ஞாயிறு அச்சு வேலை கிடையாது. இடையில் இருந்த ஃபயர்வால், நெடுநேரம் சும்மா கிடந்த இணைப்பை இரண்டு பக்கமும் சொல்லாமலே கழற்றிவிட்டிருக்கிறது. பிசியை மெயின்ஃபிரேமோடு இணைத்துவைக்கும் டிஎன்3270இ சர்வருக்கு அது தெரியாது. பழைய செஷனையே பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் பிசி புதிதாக வந்து அதே எல்யூ பெயரைக் கேட்டால், ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறது.

ஸ்கிரீன்களுக்கும் இதே கதிதான். ஆனால் அதன் முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறார். உறைந்துபோனால் மூடித் திறப்பார், பொதுத் தொகுப்பிலிருந்து வேறு எல்யூ கிடைக்கும், வேலை ஓடும். பிரிண்டருக்குப் பெயர் நிரந்தரம், பார்க்க ஆளும் கிடையாது.

சர்வரில் ஸ்கேன்இன்டர்வல், டைம்மார்க் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. சும்மா இருக்கும் இணைப்பை அவ்வப்போது கூப்பிட்டுப் பார்க்கும்; பதில் இல்லையென்றால் செஷனை விடுவித்துவிடும். ஃபயர்வாலின் நேரத்தைவிடக் குறைவாக அதை வைக்கச் சொன்னோம். அதற்குப் பிறகு அந்தத் திங்கட்கிழமை டிக்கெட் வரவே இல்லை.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு எமுலேட்டர் (பிசியைப் பழைய டெர்மினல் போல நடக்கவைக்கும் மென்பொருள்) ஐகானைக் கொடுத்து, பிஎஃப்3 விசையை அடித்தால் வெளியே வரலாம் என்பதோடு விட்டுவிடுகிறோம். இது அநியாயம். அடியில் நடக்கும் பேச்சுவார்த்தையை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

மறுமொழி 1

நல்ல பதிவு சார். நான் உங்களுக்குக் கொஞ்சம் முந்தைய தலைமுறை. 90களில் சென்னையிலிருந்து 64 கேபிபிஎஸ் சாட்டிலைட் லைனில் வேலை பார்த்தவன்.

சிக்னல் மேலே போய்க் கீழே வந்து, பதில் அதே வழியில் திரும்ப அரை நொடி ஆகும். யூனிக்ஸில் டெல்நெட் (தூரத்துக் கணினியில் வேலை செய்யும் வழி) போட்டால் ஓர் எழுத்து அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய்த் திரும்பித்தான் திரையில் விழும். அதே லைனில் 3270 (ஐபிஎம் மெயின்ஃபிரேமின் டெர்மினல் வகை) திரையில் சரளமாக அடித்துக்கொண்டே போகலாம். என்டரோ பிஎஃப் விசையோ அமுக்கும்வரை ஹோஸ்டுக்கு எதுவும் போகாது. அமுக்கினாலும் 24 வரி, 80 எழுத்து என்று 1920 இடமும் போகாது. நாம் கைவைத்த ஃபீல்டுகள் மட்டும்தான் போகும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மாற்றப்பட்டதா என்று ஒரு பிட் இருக்கிறது. 1971ல் ஐபிஎம் இதைக் கொண்டுவந்தபோது லைன்கள் அவ்வளவு மெதுவானவை. அந்தக் கஷ்டத்துக்குச் செய்த ஏற்பாடு கால் நூற்றாண்டு கழித்து நம் ஊரில் என் வேலையைக் காப்பாற்றியது. அந்த வடிவமைப்பின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நிஜ டெர்மினலிலும் கொஞ்ச நாள் இருந்தேன். 3274 கன்ட்ரோலர் ஒன்று, அதிலிருந்து ஒவ்வொரு டெர்மினலுக்கும் பிரிண்டருக்கும் தனித்தனி கோஆக்ஸ் கேபிள். ஒரு கன்ட்ரோலரில் 32 வரை மாட்டலாம். 3278 டெர்மினல் தானாகப் பேசாது. கன்ட்ரோலர் ஒவ்வொன்றாகக் கேட்டு, அமுக்கிய விசையை வாங்கிக்கொண்டு திரையில் எழுத்தைப் போடும்.

ஓர் இடத்தில் ஒரு டெர்மினல் மட்டும் அடிக்கடி உறைந்துபோகும். டெர்மினலை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம், குணமாகவில்லை. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்தால் நடுவில் ஒட்டுப் போட்ட கேபிள். அவசரத்துக்கு யாரோ ரிச்சி தெருவிலிருந்து டிவி கேபிள் வாங்கி இணைத்திருக்கிறார்கள். இதற்கு வேண்டியது 93 ஓம் ஆர்ஜி-62 கேபிள், டிவி கேபிள் 75 ஓம். இரண்டும் சேரும் இடத்தில் சிக்னல் பட்டுத் திரும்பும். முழு நீளமும் ஒரே கேபிளாக மாற்றியதும் சரியானது.

மறுமொழி 2

அண்ணே, அந்த 0802க்குப் பக்கத்தில் 0821ஐயும் எழுதி வையுங்கள். புது பிரிண்டர் சேர்க்கும்போது செஷனே தொடங்காமல் இது வந்தால், பைண்டில் (செஷனைத் தொடங்க அனுப்பும் செய்தி) ஹோஸ்ட் சொன்ன விவரம் எதிர்ப்பக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். பிரிண்டரில் இரண்டு ஜாதி: எஸ்சிஎஸ் (பிரிண்டருக்கான எழுத்து, கட்டளை முறை) புரிந்துகொள்ளும் எல்யூ1, திரை போலவே 3270 டேட்டா ஸ்ட்ரீம் வாங்கும் எல்யூ3. எங்களிடம் எல்யூ1 ஆக அமைத்த பிரிண்டருக்கு எல்யூ3க்கான டிஎஸ்சி2கே லாக்மோட் (செஷன் விவரங்களின் தொகுப்பு) கொடுத்திருந்தார்கள். அதை எஸ்சிஎஸ் என்று மாற்றினோம், விடிஏஎம்மில் எல்யூவை இன்ஆக்ட் செய்து (நிறுத்தி) மறுபடி ஆக்ட் போட்டோம், முதல் பக்கம் வந்துவிட்டது.