ப்ராசஸ் ட்ரேசிங்: ‘தடம்பார்ப்பு’ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு முடிவு எந்தக் காரணத்தால எப்படி வந்துச்சுன்னு படிப்படியா தேடற ப்ராசஸ் ட்ரேசிங் (process tracing) ஆய்வுமுறைக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம். ‘செயல்முறைத் தடமறிதல்’னே இருக்கட்டும்னு பலபேர் சொல்றீங்க, எனக்கு மனசு ஒப்பலீங்க. தர்மபுரியில தமிழ்வழி எம்.ஏ. பசங்களுக்கு ஆய்வுமுறை பேப்பர் எடுக்கறேன், இங்க செயல்முறைன்னா அவங்களுக்கு ‘மாவட்ட ஆட்சியரின் செயல்முறைகள்’னு தலைப்பு போட்டு வர்ற ஆபீஸ் பேப்பர்தான் ஞாபகம் வருது. மீதிப்பேரு நடந்ததை தேதிவாரியா எழுதிட்டு அதுதான் ஆய்வுன்னு முடிச்சிடறாங்க.

இந்த முறையோட வேலையே வேற இல்லீங்களா. முடிவு தெரியும், ஒரு காரணத்து மேல சந்தேகம் இருக்கு, அது நெஜம்னா நடுவுல என்னென்ன தடம் விழுந்திருக்கணும்னு முதல்லயே யோசிச்சு ஒண்ணொண்ணா போய்த் தேடணும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் ராகி அறுப்பு நேரத்துல யானை எறங்குனா காட்டிலாகா ஆளுங்க ‘தடம் பாக்கறோம்’னுதான் சொல்றாங்க. தடத்தோட ஓரம் உதிர்ந்திருக்கா, உள்ள பனி விழுந்திருக்கா, லத்தி காஞ்சிருக்கா, முன்னங்கால் சுற்றளவு என்னன்னு பாத்து (அதை ரெண்டால பெருக்கினா யானையோட உயரம் ஏறக்குறைய வந்துடும்) எப்ப வந்தது, எது வந்ததுன்னு சொல்லிடுவாங்க. அதனால ‘தடம்பார்ப்பு’. தடம்பார்த்தார், தடம்பார்த்த ஆய்வுன்னு வினையாவும் சுலபமா வளையும். ‘தடயவியல்’னு ஒருத்தர் சொன்னது வேணாங்க, அது ஃபாரன்சிக்குக்குன்னு எப்பவோ நிலைச்சிடுச்சு.

கிடைச்ச சான்று எவ்வளவு வலுன்னு பாக்க இந்த முறையில சில சோதனைகள் இருக்கு, அதுங்க பேருங்களையும் சேர்த்தே முடிவு பண்ணிடணும். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கோங்க. கியூபாவுல வச்ச ஏவுகணைகளை சோவியத் திருப்பி எடுத்துக்கிட்டது முடிவு. அதுக்குக் காரணம், துருக்கியில இருந்த ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துடறோம்னு அமெரிக்கா ரகசியமா ஒத்துக்கிட்டதுங்கறது வாதம். அப்படின்னா பின்னாடி அதை எடுத்திருக்கணும், 1963 ஏப்ரல்ல எடுத்தாச்சு. எடுக்காம இருந்திருந்தா வாதம் அங்கயே செத்திருக்கும், ஆனா எடுத்ததாலயே வாதம் நிரூபணம் ஆகாது, பழசாயிடுச்சுன்னு கூட எடுத்திருக்கலாம். இந்த மாதிரி சோதனைக்குத்தான் ஹூப் டெஸ்ட்னு (hoop test) பேரு, அதை ‘வளையச் சோதனை’ன்னு போட்டா ஒருத்தருக்கும் புரியாது, ‘வடிகட்டுச் சோதனை’ன்னு வைக்கலாம். அப்புறம் அக்டோபர் 27 ராத்திரி அமெரிக்க அதிபரோட தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தப்ரீனினை பாத்து துருக்கி விஷயத்தைப் பேசினாரு, அதை தப்ரீனின் அப்பவே மாஸ்கோவுக்கு எழுதி அனுப்பின தந்தி பனிப்போர் முடிஞ்ச பிறகு வெளிய வந்துச்சு பாருங்க, அதுதான் ஸ்மோக்கிங் கன் (smoking gun), அதாவது கிடைச்சா வாதத்தை உறுதி பண்ற சான்று. இதை ‘புகையும் துப்பாக்கி’ன்னு பாடநூல்ல போடறதை தயவுசெஞ்சு நிறுத்தணும், நம்மகிட்ட கையும் களவுமா பிடிக்கறதுன்னு சொந்தமா இருக்கறப்ப ‘கைக்களவுச் சான்று’ன்னே வைக்கலாமே.

ஸ்ட்ரா இன் த விண்டுன்னு (straw in the wind) இன்னொரு சோதனை இருக்கு, அதுக்கு மட்டும் ‘சாடைச் சான்று’ன்னு யோசிச்சு வச்சிருக்கேன், முழு திருப்தி இல்ல. சும்மா ஒரு பக்கமா சாய்க்கும், எதையும் உறுதி பண்ணாது, எதையும் தள்ளாது, அந்தப் பொருள் வரணும். இதைவிட நல்லதா யாராவது சொன்னா அதையே இந்த செமஸ்டர் நோட்ஸ்ல ஏத்திடறேன்.