ஆலைப் பக்கத்தில் குடியிருந்தவர்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஜன்னலோரம்:
ராத்திரி ரெண்டு மணி வாடையைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மனு மேல் மனு போட்டு ஒருவழியாக ஆய்வுக்கு ஆள் வந்தார், பகல் 11 மணிக்கு. புகைபோக்கியில் ஒரு இழை புகை இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். என் மகள் உள்ளே போய் அவளுடைய இன்ஹேலரை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மேசையில் வைத்தார், கிளம்பினார். அறிக்கையில் 'ஆதாரமில்லை'. ஆறு வருடமாச்சு, இன்னும் அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

பழைய ஃபிட்டர்:
நான் உள்ளே 19 வருடம் வேலை பார்த்தவன். வாடை இல்லையென்றால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. அழுகின முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். டேங்கில் இறங்கின பையன் "இப்ப வாடையே இல்லண்ணே" என்று சொன்னபடியே சரிந்தான். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டோம். ஆனால் ஒன்று, ஆலையை மூடு என்று சுலபமாகச் சொல்லாதீர்கள். எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது அதனால்!

கொடித்துணி:
மேலே உள்ளவருக்கு: சம்பளம் போகிற வீடும் புகை போகிற வீடும் ஒன்றா? அதிகாரிகள் குடியிருப்புக்கு ஒருமுறை பார்சல் கொடுக்கப் போனேன். காற்று அந்தப் பக்கமிருந்துதான் எங்கள் பக்கம் வீசும். அங்கே கொடியில் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளையாகவே! எங்கள் தெருவில் வெள்ளைத் துணியை வெளியே போடுவதை விட்டு வெகுகாலமாகிறது. 1982இல் அமெரிக்காவின் வாரன் கவுண்டியில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் கலந்த மண்ணைக் கொட்ட, கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த பகுதியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மறித்தவர்களில் 500 பேருக்கு மேல் கைது. கிடங்கு வந்தேவிட்டது. எங்கே கொட்டுவது என்பதை எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள், அண்ணே.

மூன்றாம் மாடி:
என் கதை சின்னது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்றார்கள், ரெண்டு வருடம் காய்ச்சினோம். பரிசோதனையில் ஈயம். காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஈயம் அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரையும் நம்பாதீர்கள், கரைந்திருப்பது உப்பா ஈயமா என்று அதற்குத் தெரியாது. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அப்புறம் ஜன்னலோரம், நீங்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்க வேண்டும். தேதி, மணி, காற்று எந்தத் திசை, யாருக்கு இருமல், எல்லாம். காற்று அசையாத ராத்திரிகளில் தரையோரக் காற்று குளிர்ந்துபோய் புகை மேலே ஏறாமல் தங்கிவிடும்; பகல் 11 மணி அளவீடு அதைக் காட்டாது. 24 மணி நேரச் சராசரி என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் சராசரியில் கரைந்து காணாமல் போகும். ஒவ்வொரு மணிக்குமான அளவைக் கேளுங்கள். முதலிலேயே கேட்டிருந்தால்

ஜன்னலோரம்:
நான் யோசனை கேட்கவில்லையே. நோட்டு நாலு இருக்கிறது. வந்தவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.
ஃபிட்டர் அண்ணே, டேங்கில் இறங்கின பையன் இப்போது எப்படி இருக்கிறார்?

பழைய ஃபிட்டர்:
மூணாம் நாளே வேலைக்கு வந்துவிட்டான். தலைவலி மட்டும் விடவேயில்லை என்பான்.